புதியவர்களுக்காக மாறிய லினக்ஸ்

1990களின் நடுவில் ஒரு கணினியில் லினக்ஸை நிறுவ வேண்டுமானால், அந்தக் கணினியின் உள்விவரங்கள் பலவும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வன்தட்டை எத்தனை பகுதிகளாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் விடுவது, ஒலி அட்டையின் ஐஆர்க்யூ எண் என்ன, மவுஸ் எந்த போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது என்று நிறுவும் நிரல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தாலும் கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும்தான் வரும். படங்களும் சாளரங்களும் தெரிய வேண்டுமானால் எக்ஸ் விண்டோ அமைப்பை இயக்க வேண்டும். அதற்கு மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அலைவெண்களை ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் மானிட்டர் பழுதாகலாம் என்று அன்றைய கையேடுகள் எச்சரித்தன.

இந்தக் கடினத்துக்குக் காரணம் லினக்ஸ் பிறந்த விதம். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் சொந்தக் கணினியில் யுனிக்ஸ் போன்ற ஒன்றை ஓட்ட விரும்பி அதன் கருநிரலை எழுதத் தொடங்கினார். அதைச் சுற்றிச் சேர்ந்தவர்களும் அவரைப் போன்றவர்களே. கருநிரலையும் குனு திட்டத்தின் கருவிகளையும் ஒன்றாகத் தொகுத்துத் தரும் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய வழங்கல்கள் 1993இல் வந்தபோதும், எடுத்துப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தக் கேள்விகளின் விடைகள் தெரிந்திருந்தன. ஆகவே, கேள்வி கேட்பதையே ஒரு குறையாக அவர்கள் நினைக்கவில்லை. 1995இல் விண்டோஸ் 95 வந்த பிறகுதான் வேறுபாடு கண்ணை உறுத்தியது. ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு நியாயக்குறைவு உண்டு. விண்டோஸ் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை நிறுவியதே இல்லை. கணினியைத் தயாரித்தவர் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துத்தான் பெட்டியில் வைத்து அனுப்பினார். லினக்ஸில் அந்தச் சுமை முழுவதும் புதியவர் தலையில் விழுந்தது. அதை அவரிடமிருந்து எப்படி இறக்கி வைப்பது என்பதே அடுத்த முப்பது ஆண்டு வரலாறு.

முதலில் கவனம் பெற்றது திரை. யுனிக்ஸில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்றின் மெனு மேலே, இன்னொன்றின் மெனு வலது சொடுக்கில். ஒன்றில் பிரதி எடுக்கும் முறை மற்றொன்றில் செல்லாது. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபரில் கேடிஇ திட்டத்தை அறிவித்தபோது இந்தக் குறையைத்தான் முன்வைத்தார். நிர்வாகிக்காக இல்லாமல் சாதாரணப் பயனருக்காக, எல்லாச் செயலிகளும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் மேசைத்தளம் வேண்டும் என்றார். கேடிஇயின் முதல் பதிப்பு 1998 ஜூலையில் வந்தது. அது சார்ந்திருந்த க்யூட்டி என்ற நிரல்தொகுதியின் உரிமம் அன்று முழுச் சுதந்திரமானதாக இல்லாததால், மெக்சிகோவைச் சேர்ந்த மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மெனாவும் 1997இல் குனோம் என்ற மாற்றுத் திட்டத்தைத் தொடங்கினர். 2000இல் க்யூட்டியின் உரிமச் சிக்கல் தீர்ந்தது; இரண்டு மேசைத்தளங்கள் என்ற நிலை நிலைத்துவிட்டது. போட்டி இரண்டையும் வளர்த்தது உண்மை. ஆனால் புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள விரும்பாத ஒரு கேள்வி, இரண்டில் எது என்பது, கூடுதலாகச் சேர்ந்தது.

அடுத்து நிறுவும் முறை எளிதானது. பிரான்சின் கேயெல் டுவால் ரெட்ஹாட் 5.1 வழங்கலை எடுத்து, கேடிஇயைச் சேர்த்து, 1998இல் மாண்ட்ரேக் என்ற பெயரில் வெளியிட்டார். தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான அதே மந்திரவாதியின் பெயர். காமிக்ஸ் உரிமையாளர்களுடனான வழக்குக்குப் பிறகு 2005இல் அது மாண்ட்ரிவா ஆயிற்று. வன்தட்டின் பகுதிகளை வண்ணப் பட்டைகளாகக் காட்டி மவுஸால் மாற்ற விட்டது மாண்ட்ரேக்கின் பெரிய உதவி. 1999இல் கால்டெரா நிறுவனத்தின் ஓப்பன்லினக்ஸ் 2.2 இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவும் வேளையில் பயனர் டெட்ரிஸ் விளையாடலாம் என்று ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு கோரல் நிறுவனமும் டெபியனை அடிப்படையாக வைத்து எளிய வழங்கல் ஒன்றைக் கொண்டுவந்தது; ஆனால் அது நீடிக்கவில்லை.

இவை எல்லாவற்றிலும் ஒரு பயம் மிஞ்சியிருந்தது. லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்கே வன்தட்டில் கை வைக்க வேண்டும். தவறினால் பழைய கோப்புகள் போய்விடும். அந்தப் பயத்தைப் போக்கியவர் ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர். 2000இல் அவர் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், சிடியிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டியது. தரவைச் சுருக்கி வைத்ததால் 700 எம்பி சிடியில் ஏறத்தாழ 2 ஜிபி அளவுக்கு மென்பொருள் அடங்கியது. கணினியை இயக்கியதும் திரை அட்டை, ஒலி அட்டை, நெட்வொர்க் அட்டை ஆகியவற்றைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். சிடியை எடுத்துவிட்டு மறுபடி இயக்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். வன்பொருள் பற்றி மனிதரிடம் கேட்கப்பட்ட பெரும்பாலான கேள்விகளுக்குக் கணினியே பதில் தேடிக்கொள்ள முடியும் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய வேறொன்று அதற்கு முன் இல்லை. லினக்ஸ் வரலாற்றில் க்னாப்பிக்ஸுக்கு இன்று கிடைப்பதைவிடப் பெரிய இடம் கிடைக்க வேண்டும்.

இதே காலத்தில் வேறொரு வழியும் முயலப்பட்டது. எம்பி3.காம் நிறுவனர் மைக்கேல் ராபர்ட்சன் 2001இல் லிண்டோஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் இயங்குதளத்தின் பெயரும் தோற்றமும் விண்டோஸை நினைவூட்டின. அது முன்பே நிறுவப்பட்ட கணினிகளை 2002இல் வால்மார்ட் இணையக் கடை 199 டாலருக்கு விற்றது. செயலிகளை ஒரே சொடுக்கில் இறக்கிக்கொள்ளும் வசதியும் இருந்தது. பிற்கால ஆப் கடைகளின் முன்னோடிகளில் ஒன்று அது. ஆனால் தொடக்கத்தில் பயனர் முழு நிர்வாகி அதிகாரத்துடனேயே எல்லாவற்றையும் செய்யும்படி விட்டது பாதுகாப்புக் குறையாகக் கண்டிக்கப்பட்டது. விண்டோஸ் மென்பொருள்களெல்லாம் ஓடும் என்ற ஆரம்ப நம்பிக்கையும் நிறைவேறவில்லை. மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. 2 கோடி டாலர் பெற்றுக்கொண்டு நிறுவனம் பெயரை விட்டுக்கொடுத்தது. பழகிய ஒன்றைப் போலத் தோன்றும் பொருள் பழகியபடியே நடக்காதபோது, புதியவரின் குழப்பம் கூடத்தான் செய்கிறது.

அந்தக் குழப்பத்தை நேரில் கவனிக்கும் முயற்சியும் நடந்தது. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் குனோமுக்குப் பழக்கமில்லாதவர்களை உட்காரவைத்து, சிறு வேலைகளைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனித்தது. நிரலாளர்கள் பெருமையாக நினைத்த பல தெரிவுகள் தடைகளாக இருந்தன. பேனலில் வைக்கப் பல வகைக் கடிகாரங்கள் இருந்ததே இதற்கு ஒரு சான்று. எதைத் தேர்வது என்று புரியாமல் நிற்பவருக்கு ஒன்றே போதும். அந்த ஆய்வுக்குப் பின் வடிவமைப்பு நெறிமுறைகள் எழுதப்பட்டன. 2002 ஜூனில் வந்த குனோம் 2 அமைப்புகளைக் கணிசமாகக் குறைத்தது. பழைய பயனர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தைத் தாங்கி நின்றதால்தான் பின்னால் வந்த உபுண்டு என்ற வழங்கலுக்கு அடித்தளம் கிடைத்தது.

உபுண்டுவின் முதல் பதிப்பு 2004 அக்டோபர் 20 அன்று வெளியானது. தென்னாப்பிரிக்கத் தொழில்முனைவர் மார்க் ஷட்டில்வொர்த் அதன் புரவலர். டெபியனை எடுத்து, ஒரே சிடியில் அடக்கி, ஒரு வேலைக்கு ஒரு செயலி என்று தேர்ந்து வைத்தது அது. தனி நிர்வாகிக் கணக்கு முடக்கி வைக்கப்பட்டது. பயனர் தன் கடவுச்சொல்லையே கொடுத்து நிர்வாக வேலையையும் செய்யலாம். கேட்டவர்களுக்கு உலகெங்கும் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பிய திட்டம் 2011 வரை நடந்தது. இணைய வேகம் குறைவாக இருந்த நாடுகளில் பலருக்கு முதல் லினக்ஸ் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. 2006 ஜூனில் வந்த 6.06 பதிப்பு, க்னாப்பிக்ஸ் காட்டிய வழியையும் நிறுவும் முறையையும் இணைத்தது: சிடியிலிருந்து ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கிருந்தே நிறுவலாம். 7.04 பதிப்பு விண்டோஸிலிருந்த புக்மார்க்குகளையும் பின்னணிப் படத்தையும் எடுத்து வந்தது. 2009இல் நூறு சிறு குறைகளை மட்டும் தேடித் திருத்தும் திட்டம் நடந்தது. தவறான இடத்தில் இருக்கும் ஒரு பொத்தான், புரியாத ஒரு செய்தி என ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அற்பம். நாள்தோறும் சேரும்போது புதியவரைத் திருப்பி அனுப்புவது இவைதான்.

சில தடைகளைத் தொழில்நுட்பத்தால் அகற்ற முடியவில்லை. எம்பி3 பாடலோ டிவிடி படமோ ஓடாததற்குக் காரணம் காப்புரிமைச் சட்டம். பெரிய வழங்கல்கள் வழக்குக்கு அஞ்சி அந்த நிரல்களைச் சேர்க்காமல் விட்டன. பாட்டு ஓடாத கணினியைப் பழுதானது என்றே புதியவர் நினைத்தார். உபுண்டு 7.04, கோப்பைத் திறந்ததும் தேவையான நிரலை நிறுவட்டுமா என்று கேட்கத் தொடங்கியது. 2006இல் க்ளெமெண்ட் லெஃபெவ்ர் தொடங்கிய லினக்ஸ் மிண்ட், எல்லாவற்றையும் முதலிலேயே சேர்த்துக் கொடுத்தது; அதன் புகழுக்கு இதுவே முதல் காரணம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் நம்பி எழுதுவதற்கு 2007இல் வந்த என்டிஎஃப்எஸ்-3ஜி வழி செய்தது. யுஎஸ்பி நினைவகத்தைச் செருகியதும் கட்டளை எதுவும் இல்லாமல் அது திரையில் தோன்றுவதும் அந்தப் பத்தாண்டில்தான் இயல்பானது.

தமிழ்ப் பயனருக்குக் கூடுதலாக ஒரு தடை இருந்தது. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், யுனிகோடில் அது மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதைச் சரியாக இடம்மாற்றிக் காட்ட குனோமின் பாங்கோ, பின்னர் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்தொகுதிகள் தேவைப்பட்டன. ரெட்ஹாட் வெளியிட்ட லோகித் எழுத்துருவும், தமிழ்99 விசைப்பலகையைத் தரும் உள்ளீட்டு நிரல்களும் சேர்ந்த பிறகே தனி முயற்சி இல்லாமல் தமிழில் எழுத முடிந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், இந்திய மொழி வசதிகளை முன்னிறுத்தியது.

2011இல் உபுண்டு யூனிட்டி என்ற புதிய முகப்புக்கும், குனோம் தன் மூன்றாம் பதிப்புக்கும் மாறின. இரண்டும் கீழ்ப்பட்டையையும் மெனுவையும் கைவிட்டன. விண்டோஸ் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இது அந்நியமாக இருந்தது. மிண்ட் உருவாக்கிய சின்னமன் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டு அவர்களை ஈர்த்தது. மாறுபவருக்கு எளிமை என்பது பெரும்பாலும் பழக்கத்தின் தொடர்ச்சி என்பதை இந்தப் பிளவு காட்டியது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் சுமார் 15,000 அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியதிலும் கடினமான பகுதி இயங்குதளமாக இல்லை. ஆண்டாண்டாகச் சேர்ந்த படிவங்களும் மேக்ரோக்களும்தான் உழைப்பைத் தின்றன. அவற்றைக் கையாளத் தனி மென்பொருளே எழுத வேண்டியதாயிற்று. 2017இல் நகராட்சி விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது.

மென்பொருள் இடைவெளி பின்னர் மெல்லக் குறைந்தது. அலுவலக வேலைகள் பல உலாவிக்குள் சென்றுவிட்டன. 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைத்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவதை முன்னிட்டு, டிபிஎம் 2.0 போன்ற விண்டோஸ் 11இன் வன்பொருள் நிபந்தனைகளை நிறைவு செய்யாத கணினிகளைத் தூக்கியெறியாமல் லினக்ஸ் நிறுவும்படி தன்னார்வலர்கள் ‘எண்ட் ஆஃப் 10’ என்ற இயக்கத்தைத் தொடங்கினர். கணினியை வாங்கும்போதே லினக்ஸுடன் வாங்குவோர் இன்றும் சிலரே. ஆகவே கோப்புகளைக் காப்புப்பிரதி எடுப்பது, பயாஸில் யுஎஸ்பியிலிருந்து தொடங்கச் செய்வது, செக்யூர் பூட் தடுத்தால் சமாளிப்பது ஆகிய வேலைகளில் அருகிலுள்ள பழுதுநீக்கும் குழுவினரின் உதவியைப் பெறலாம் என்று அவ்வியக்கம் புதியவர்களுக்கு வழிகாட்டுகிறது.