டோர்ட் சங்கமும் சுயசித்தமும்

மனிதனின் இரட்சிப்பைத் தீர்மானிப்பது கடவுளின் முன்குறிப்பா, அவனுடைய விசுவாசமா? இந்தக் கேள்வி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தையே இரண்டாக்கியது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1603 முதல் இறையியல் கற்பித்த அர்மீனியஸ், கடவுளின் கிருபை இல்லாமல் எவரும் மீட்படைய முடியாது என்றார். ஆனால் அந்தக் கிருபையை மறுக்க மனிதனால் முடியும் என்றும் சொன்னார். சக பேராசிரியர் கோமாரஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். அர்மீனியஸ் 1609-இல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கூறுகள் கொண்ட விண்ணப்பத்தை அரசிடம் அளித்தனர்.

வேதாகமத்தோடு வழக்கு நிற்கவில்லை. ஹாலந்தின் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் அர்மீனியஸ் தரப்பினருக்கு ஆதரவளிக்க, படைத்தலைவர் மோரிஸ் எதிரணியில் சேர்ந்தார். 1618 நவம்பரில் டோர்ட்ரெக்ட் (டோர்ட்) நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்குப் பிற நாடுகளின் பிரதிநிதிகளும் வந்தனர். அர்மீனியஸ் தரப்பினரோ விவாதிப்பவர்களாக அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்களாகவே அழைக்கப்பட்டனர். தீர்ப்பு ஏறக்குறைய முன்குறிக்கப்பட்டிருந்தது எனலாம். அவர்களுடைய போதனை நிராகரிக்கப்பட்டது. சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தனர். 1619 மே மாதம் ஓல்டன்பார்னவெல்ட் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதே தரப்பைச் சேர்ந்த, ஆயுள் சிறை பெற்ற சட்ட அறிஞர் குரோஷியஸ், மனைவி வகுத்த திட்டப்படி 1621-இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார்.

மோரிஸ் 1625-இல் இறந்தபின் அடக்குமுறை தளர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி அர்மீனியஸின் நிலைப்பாட்டையே ஏற்றார்.