2000 பிரதி போதும் என்றவர்

எத்தனை லைக் விழுந்தது என்று நிமிஷத்துக்கு ஒருமுறை செல்போனை எடுத்துப் பார்ப்பவர்கள் சி.சு.செல்லப்பாவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். வத்தலக்குண்டில் வளர்ந்து, மதுரைக் கல்லூரியில் படித்தவர்.

பத்திரிகைகளில் வேலை பார்த்தவர்தான். ஆனால் வாசகனுக்குப் பிடித்த மாதிரி எழுது என்ற பெரிய இதழ்களின் போக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற மாத இதழைத் தானே தொடங்கினார். 2000 பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை, கடைகளில் விற்பதில்லை, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தார். காமர்ஸ் பாடத்தில் எந்த யூனிட்டிலும் இப்படி ஒரு வியாபாரம் கிடையாது! கூட்டம் சேர்ந்தால் கூட்டத்துக்காக எழுத வேண்டி வரும் என்று நினைத்தார் போலும்.

அந்த 2000-ஐயே இதழ் எட்டவில்லை. கையைக் கடித்தது. புத்தகங்களைப் பையில் அடைத்துத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அப்படியும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அதில் எழுதிய புதுக்கவிதைக்காரர்களின் கவிதைகளைத் திரட்டி 1962-ல் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'புதுக்குரல்கள்'. ஜல்லிக்கட்டைப் பற்றிய அவருடைய 'வாடிவாசல்' இன்றும் அச்சில் இருக்கிறது.

'சுதந்திர தாகம்' நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. செல்லப்பா 1998 டிசம்பரிலேயே இறந்துபோயிருந்தார்.