பள்ளி மாணவரும் பொதுநிதியும்

ஒப்புரவறிதல், ஈகை ஆகிய இரண்டனையும் திருவள்ளுவர் 22, 23ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார். முன்னது இம்மை நோக்கியது, பின்னது மறுமை நோக்கியது எனப் பரிமேலழகர் வேறுபாடு காட்டுவர். ஈகை, இல்லாதார் ஏற்கும்பொழுது கொடுப்பது. ஒப்புரவு, உலகநடை அறிந்து பலர்க்கும் பயன்பட ஒழுகுவது. உயர்நிலைப் பள்ளி மாணவர் உண்டியல் ஏந்திப் பொதுநிதி திரட்டும் வழக்கம் இவற்றுள் எதன்பாற்படும் என்பதை அதன் வரலாறு கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பள்ளிகள் நன்கறிந்த நிதிகள் இரண்டு. ஒன்று படைவீரர் கொடிநாள் நிதி. ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாளைக் கொடிநாளாகக் கொள்வதென 1949இல் முடிவு செய்யப்பெற்றது. சிவப்பு, கருநீலம், இளநீலம் ஆகிய மூன்று வண்ணங்களும் முப்படைகளைக் குறிப்பன. மற்றொன்று காசநோய் வில்லை. 1939இல் தோன்றிய இந்தியக் காசநோய்க் கழகம் 1950இல் இவ்வில்லை விற்பனையைத் தொடங்கியது. காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2 அதன் தொடக்க நாளாயிற்று.

வில்லையின் பிறப்பிடம் டென்மார்க்கு நாடு. கிறித்துமசு மடல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வில்லை மிகுதியாக ஒட்டப்பெறின் பெருநிதி சேரும் என ஐனார் ஹோல்போல் என்னும் அஞ்சல் அலுவலர் எண்ணினார். 1904இல் அவ்வெண்ணம் நிறைவேறியது. 1907இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் எமிலி பிசல் அம்மையார் காசநோய் மருத்துவ நிலையம் ஒன்றன்பொருட்டு 300 டாலர் வேண்டி, வில்லை ஒன்று ஒரு சென்ட் விலைக்கு விற்றார். ஏறத்தாழப் பதின்மடங்கு தொகை திரண்டது.

இவ்வெற்றியின் காரணம் விலையின் சிறுமையே. ஒரு சென்ட் கொடுக்க இயலாதார் அரியர். ஆதலின் வறியவரும் கொடுப்போர் வரிசையில் நின்றனர். உடையார் இல்லார்க்கு ஈயும் நிலை மாறி, ஊரார் அனைவரும் ஊரின் நோய்க்குப் பொறுப்பேற்கும் நிலை பிறந்தது. இஃது ஒப்புரவின்பாற்படும் என்பதில் ஐயமில்லை.

எனினும், ஒப்புரவின் உயிர் உவந்து செய்தல். இத்தனை வில்லை விற்றாக வேண்டும் என வகுப்புதோறும் அளவு குறிக்கப்பெறின் அவ்வுயிர் நீங்கும். விற்க இயலாத மாணவன் தந்தையிடம் கை நீட்டுவான். நாட்கூலி பெறும் தந்தை மகனின் மானம் காக்கக் கொடுப்பார். பெயரளவில் அது கொடை, தன்மையால் இறை. வறியார் துயர் துடைக்கப் பிறந்த நிதி வறியவன் வீட்டிலேயே தண்டப்படுதல் முரணாகும்.

1969 செப்டம்பர் 24இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அது மாணவரிடம் வேண்டியது காசன்று, உழைப்பு. பணம் பெற்றோருடையது, உழைப்போ மாணவனுக்கே உரியது. தனக்கு உரியதைத் தானே உவந்து தருதலின், பள்ளியில் ஒப்புரவு பயில இதுவே செவ்விய வழி எனத் துணியலாம். உண்டியலை நீக்க வேண்டுவதில்லை. அதன்மேல் எழுதப்படும் அளவை நீக்கினாற் போதும்.