பாக் விரிகுடாவின் ஆவுளியா

பாக் விரிகுடாக் கரையின் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, ஆழம் குறைந்த கடலில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டியாகும். ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள இவ்விலங்கு, தடித்த மேலுதட்டின் முள்மயிர்களால் மணலைக் கிளறிப் புல்லை வேரோடு பறித்துத் தின்பதால், அது மேய்ந்து சென்ற இடமெங்கும் கடலடியில் வளைந்து நெளிந்த வெற்றுத் தடம் பதிந்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இக்கரையில் ஆவுளியாவின் இறைச்சி விற்பனைப் பொருளாகவே இருந்தது. மண்டபம் என்னும் ஊரில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒரு சோடிக் கடற்பசுக்களை வளர்த்து ஆராய்ந்தது. அவற்றைப் பற்றி ஆய்வாளர் எஸ். ஜோன்ஸ் 1959இல் எழுதிய கட்டுரை, இவ்வுயிரை அறிவியல் நோக்கில் அணுகிய அருமையான தொடக்கங்களுள் ஒன்று. ஆனால் அதையடுத்துப் பெருகிய விசைப்படகுகளின் இழுவலைகள், அதாவது கடலடியை உரசியபடி இழுக்கப்படும் வலைகள், ஆவுளியாவின் மேய்ச்சல் நிலத்தையே உழுது சிதைத்தன.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடற்பசுவை முதல் அட்டவணையில் சேர்த்து வேட்டையைக் குற்றமாக்கியது. எனினும், மீனின் செவுளைச் சிக்கவைத்துப் பிடிக்கும் செவுள்வலையில் தற்செயலாக மாட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டிய விலங்கு நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி மடிவதை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியவில்லை. பருவமெய்தப் பல ஆண்டுகள் ஆகி, மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு கன்று மட்டுமே ஈனும் இனத்தில், வளர்ந்த பெண் விலங்குகள் சிலவற்றின் சாவே எண்ணிக்கையைச் சரிக்கப் போதுமானது.

ஆகவே, வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விடும் மீனவரின் செயலே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பமாகும்; வலை அறுந்தால் அன்றைய பிழைப்பும் அதோடு போகும் என்பது தெரிந்தே அவர் அதைச் செய்கிறார். வனத்துறை இத்தகையோருக்கு வெகுமதி வழங்கி வருகிறது. அந்த இழப்பு முழுமையாக ஈடுசெய்யப்படுவதே நியாயம். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆயினும் இவ்விலங்கின் வாழிடம் அந்த எல்லையோடு முடிவதில்லை. தெற்கே மன்னார் வளைகுடாவிலும், எதிரே இலங்கையின் மன்னார்க் கரையோரத்திலும் அதற்கு மேய்ச்சல் நிலங்கள் உண்டு என்பதால், இரு நாட்டு மீனவர்களின் ஒத்துழைப்பும் அதற்குத் தேவைப்படுகிறது.