அமர்ந்து வாசிப்பதும் நின்று வாசிப்பதும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஊர்களில் திருமணத்தையொட்டியோ விழாவையொட்டியோ மெல்லிசைக் கச்சேரி நிகழும்போது, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியவர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுவதுண்டு. கீபோர்டு வாசிக்கும் இளைஞர் நின்றுகொண்டே வாசிக்கிறார். வித்துவான் எனில் உட்கார்ந்தல்லவா வாசிக்க வேண்டும், இஃதென்ன அடக்கமற்ற புதுவழக்கம் என்பதே அவர்தம் குறை. இசைக்கருவிகள் ஆகுமா, ஆகாதா என்பது மார்க்க மேதைகள் விரிவாக ஆய்ந்த தனிப்பொருள். அதனுள் நாம் ஈண்டு நுழையவில்லை. நின்று வாசிப்பது மரியாதைக் குறைவுதானா என்பதை மட்டும் வரலாற்றின் துணைகொண்டு நோக்குவோம்.

முதியவர்களின் குறையை நகைத்து ஒதுக்கிவிடலாகாது. இசைக்கு இடமளித்த மண் இது. உடையார்பாளையம் ஜமீனில் சமஸ்தான வித்துவானாக விளங்கியவர் கனம் கிருஷ்ணையர். உ.வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் அவரிடம் இசை பயின்றவர். உ.வே.சா. தம் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் கற்றதை அவருடைய வாழ்க்கை வரலாறு படித்தோர் அறிவர். இத்தகைய வாய்ப்பாட்டு வித்துவான்களுக்குச் சபையில் இருக்கை உண்டு. ஆனால் இசைவாணர் எல்லார்க்கும் அந்த இருக்கை கிட்டிவிடவில்லை. நாகசுரமும் தவிலும் ஊர்வலத்தின் முன்னே நின்றும் நடந்தும் ஒலித்தன. சதிர்க் கச்சேரியிலோ, மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டவரும் முகவீணை ஊதுபவரும் ஆடும் நங்கையின் பின்னாலேயே நின்று, அவள் முன்னே வந்தால் முன்னே வந்து, பின்னே சென்றால் பின்னே செல்வர். இரவு நெடுக நிற்க வேண்டும். உட்கார் என்று சொல்வார் இலர். 1935இல் மேடையேறிய ருக்மிணி தேவி வகுத்த அரங்க முறையில்தான் பக்கவாத்தியக்காரர்கள் மேடையின் ஓரத்தில் அமர்ந்து வாசிக்கும் வழக்கம் வேரூன்றியது. நாகசுரக் கலைஞரும் வாய்ப்பாட்டு வித்துவானுக்கு நிகராக மேடையில் அமர்ந்தே வாசிப்பார் என்பதை வற்புறுத்தி நிலைநாட்டியவர் திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956).

ஆக, நிற்றல் ஏவலரின் நிலை, இருத்தல் மதிப்புடையோர் நிலை என்னும் எண்ணம் நம்மவர் நெஞ்சில் சும்மா வந்ததன்று. போராடிப் பெற்ற இருக்கையை இளைஞர் தாமே உதறுகிறாரே என்ற வருத்தம் அம்முணுமுணுப்பின் அடியில் இருக்கக்கூடும். ஆயினும் நாகசுரத்தின் வரலாறு வேறு. கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கருவிகளின் வரலாறு வேறு. பின்னதில் இருக்கையை முடிவு செய்தது மரியாதையன்று, காற்று!

இக்கருவிகளின் மூதாதை கிரேக்கரின் ஆர்கன். அரபு மொழியில் அது 'உர்ஃகன்' ஆயிற்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் எழுந்த 'மஃபாத்தீஹுல் உலூம்' என்னும் கலைச்சொற் களஞ்சியம், எருமைத்தோற் பைகளும் பித்தளைக் குழல்களும் கொண்ட கருவியென இதனை வருணிக்கின்றது. அதற்கும் முன்னரே பக்தாதில் வாழ்ந்த மூஸாவின் மைந்தர் மூவர், நீரின் விசையால் தானே ஒலிக்கும் ஒரு கருவியைப் பற்றித் தனிநூலே யாத்தனர். வாசிப்பவரே இல்லாத கருவி அது. நிற்பதா இருப்பதா என்ற வழக்குக்கு அங்கு இடமேயில்லை! ஐரோப்பாவில் பிற்காலத்தே தோளில் வாரிட்டு மாட்டிக்கொள்ளும் சிறு ஆர்கன் பரவிற்று. ஒரு கை துருத்தியை இயக்க, மறு கை கட்டைகளை அழுத்தும். கால்களுக்கு வேலையின்மையால் அதனை நின்றும் நடந்தும் வாசிக்க முடிந்தது.

டச்சு ஓவியர் வெர்மீர் 1670களின் தொடக்கத்தில் தீட்டிய இரு ஓவியங்கள் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. இரண்டிலும் 'வர்ஜினல்' என்னும் தந்திக் கருவியின் முன் ஒரு நங்கை; ஒன்றில் நிற்கிறாள், மற்றதில் அமர்ந்திருக்கிறாள். இரண்டும் கண்ணியமான இல்லத்துக் காட்சிகளே. மெல்லத் தொட்டால் ஒலிக்கும் அக்கருவிக்குக் கால்மிதி கிடையாது. பின்னர் வந்த பியானோ காலுக்கும் வேலை கொடுத்தது. வாசிப்பவர் ஆசனத்தோடு கட்டுண்டார்.

1842இல் பாரிஸ் நகரத்து தெபெய்ன் உரிமம் பெற்ற ஆர்மோனியத்தில் அக்கட்டு இன்னும் இறுகியது. இரு கால்களும் மாறி மாறி மிதித்தால்தான் காற்றுண்டு, மிதிப்பவர் நிற்பதெப்படி? தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலந்தொட்டு நம் நாடகக் கொட்டகைகளில் ஒலித்த கால் ஆர்மோனியம் இவ்வகையினதே. நடிகர்கள் நின்று பாட, ஆர்மோனியக்காரர் மேடையோரத்தில் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து மிதித்தபடியே சுருதி கொடுப்பார், பின்பாட்டும் பாடுவார். சிற்றூர் மக்கள் 'ஆர்மோனிய வித்துவான்' என்றதும் மனத்தில் கண்ட உருவம் அதுவே.

அக்கருவியைத் தரைக்கு இறக்கியவர்கள் வங்காளத்தார். கல்கத்தாவில் 1875இல் துவாரகின் நிறுவனத்தைத் தொடங்கிய துவாரகாநாத் கோஷ், கால்மிதியை நீக்கிக் கையால் இயக்கும் பெட்டியை உருவாக்கிப் பரப்பினார். நாற்காலியில் அமராத, சம்மணமிட்டு அமரும் மக்களுக்கேற்ற கருவி பிறந்தது. இதற்கு விலையும் ஒன்று கொடுக்க நேர்ந்தது. இடக்கை துருத்திக்குப் போய்விட, வாசிக்க வலக்கை மட்டுமே மிஞ்சியது. முன்னர் கண்ட ஐரோப்பியச் சிறு ஆர்கனின் ஏற்பாடே மீண்டும் வந்ததென்க. அதனாற்றான் அதே கைப்பெட்டியைக் கழுத்தில் வாரிட்டுத் தொங்கவிட்டு, தெருவிலும் ரயிலிலும் நின்றபடி பாடிப் பிழைத்தோரையும் நாம் கண்டிருக்கிறோம். வயலினையும் இங்கே நினைவுகூரலாம். மேனாட்டார் நின்று மோவாயில் இடுக்கி வாசித்த அதனை, பாலுஸ்வாமி தீட்சிதர் காலந்தொட்டுத் தமிழர் தரையிலமர்ந்து, அதன் முனையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கலாயினர். இடக்கை தாங்கும் வேலையினின்று விடுபட்டுக் கமகத்துக்கு உரியதாயிற்று.

கவ்வாலி பாடுவோர் தரையில் அமர்ந்தே பாடுகின்றனர், ஆர்மோனியமும் அவ்வாறே. ஞானவான்களின் முன்னிலையில் அடங்கி அமர்தல் அச்சபையின் ஒழுக்கம். ஆயினும் ஹிஜ்ரி 505இல் (1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் 'இஹ்யா'வில் ஸமாஉ பற்றிய பகுதியில் வரையும் ஒழுக்கம் ஒன்று கருதத்தக்கது: ஒருவர் மெய்யான உள்ளக்கிளர்ச்சியால் எழுந்து நின்றால், சபையோரும் அவரோடு இசைந்து எழுதல் வேண்டும். பாசாங்காக எழுதலை அன்னார் ஏற்றிலர். அங்கும் பார்க்கப்படுவது எழுவதற்கான காரணமேயன்றி எழுதல் அன்று.

1980இல் ஜப்பானின் காசியோ நிறுவனம் தன் முதல் மின்னணுக் கீபோர்டை வெளியிட்டது. இவ்வகைக் கருவிகள் பரவியபோது காற்றின் ஆட்சி முடிந்தது. துருத்தியில்லை, மிதியில்லை, ஓசையை நீட்டிக்கும் சிறு மிதியொன்றை வேண்டுமானால் இணைத்துக்கொள்ளலாம். இரு கைகளும் விடுதலை பெற்றன, கால்களும் பெற்றன. எனவே இன்று மேடையில் நிற்கும் இளைஞரை யாரும் நிற்கச் சொல்லவில்லை. சதிர்க் கச்சேரியின் மத்தளக்காரரைப் போல் அவர் பிறர் ஏவலில் நிற்கவுமில்லை. பாடகரின் கண்ணைப் பார்க்கவும், தாளக்காரருக்குச் சைகை காட்டவும் நிற்பது அவருக்கு வசதியாயிருக்கிறது. மிதியை அடிக்கடி பயன்படுத்துபவர் மட்டும் நின்றால் உடற்பாரம் முழுதும் ஒற்றைக் காலில் இறங்கும். அவருக்கு அமர்வதே நன்று.

நம் மண்டபங்களில் நிகழும் அவலம் வேறொன்று. பெரியவர் ஒருவர் அதட்ட, பந்திக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மேடைக்கு ஏறுகிறது. கருவியோ நிற்பவருக்கான உயரத்தில் இருக்கிறது. இளைஞர் தோள்களைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி மூன்று மணி நேரம் வாசிக்கிறார். எக்ஸ் வடிவத் தாங்கிகள் பலவற்றில் உயரத்தை ஏற்றவும் இறக்கவும் வழியுண்டு. அமர்ந்தாலும் நின்றாலும், முழங்கை மடங்கும் உயரத்துக்குக் கட்டைகள் வருமாறு அதனைத் திருத்திக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். அதட்டுவதற்கு முன் அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுக்கலாம்.