கோலிக்குண்டு எந்தப் பக்கம் ஓடுது?

மூணு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி, மர்பி டவுனிலிருந்து அண்ணன் போன்.

"டேய், நம்ம வீட்டுக் கூடத்துல கோலிக்குண்டு வெச்சா தானா ஓடுது. சமையக்கட்டு மூலையில சுவரும் விட்டிருக்கு. மேஸ்திரி இடிச்சிட்டுக் கட்டிரலாம்ங்கறார். நீ என்ன சொல்றே?"

லண்டனில் உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைச் சொல்ல? இங்கே நான் குடியிருக்கும் விக்டோரியா காலத்து வீட்டிலும் தரை சாய்வுதான். பென்சில் விழுந்தால் கட்டிலுக்கடியில்தான் தேடணும். யாரும் இடிக்கச் சொன்னதில்லை. ஏன் என்று தோண்டினால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்த பைசா கோபுரத்திலிருந்து ஆரம்பிப்போம். 1173-ல் வேலை தொடங்கி, மூணாவது மாடி வரும்போதே சாய்ந்துவிட்டது. 1178 வாக்கில் வேலை நின்றது. நூறு வருஷம் போல அப்படியே கிடந்தது. அந்த இடைவெளியில் அடியிலிருந்த களிமண் அழுந்தி இறுகியது. விடாமல் கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும் என்பது இன்றைய பொறியாளர்கள் கணக்கு.

1989-ல் இத்தாலியின் பாவியா நகரில் ஒரு பழைய கோபுரம் இடிந்து நாலு பேர் செத்தார்கள். பயந்துபோய் 1990-ல் பைசாவை மூடினார்கள். பிறகு வடக்குப் பக்கம் அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, 2001-ல் திறந்தார்கள். நிமிர்த்தியது அரை மீட்டருக்கும் குறைவுதான். கோபுரம் இன்னும் சாய்ந்தேதான் நிற்கிறது. அவர்கள் நிறுத்தியது சாய்வை அல்ல, நகர்வை.

லண்டன் கற்ற பாடமும் இதேதான். இந்த ஊர்க் களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். 1971-லிருந்து வீடு இறங்குவதற்கும் இன்ஷூரன்ஸ் கொடுத்தார்கள். 1976 கோடையில் கடும் வறட்சி. வீடு வீடாக விரிசல். அதனால்தான் இங்கே விரிசலைப் பார்த்தவுடன் கடப்பாரையைத் தூக்குவதில்லை. அளவு குறித்துவைத்து, மழைக்கும் வெயிலுக்கும் காத்திருக்கிறார்கள்.

நம்ம ஏரியா கதை வேறு. 1898 பிளேக்குக்குப் பிறகு கன்டோன்மென்ட்டில் நெரிசலைக் குறைக்கப் புதுப் பேட்டைகள் போட்டார்கள். பிறகு வந்த மர்பி டவுனும் அந்த வரிசைதான். மர்பி என்பவர் அங்கே வேலை பார்த்த இஞ்சினியர். பட்டாளத்தோடு வந்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரன்களும் நிறைந்த இடம். அந்தக் கால வீடுகளுக்குக் கருங்கல் கடக்கால், சுண்ணாம்புச் சாந்து. தரையோ, நடுவில் மண்ணைக் கொட்டித் திமுசு போட்டு அதன்மேல் போட்டது. மண் அமுங்கினால் தரை மட்டும் இறங்கும், சுவர் நிற்கும். கதவு பிடிக்க ஆரம்பித்து, சுவரில் விரிசல் குறுக்காகப் படிக்கட்டு மாதிரி ஏறினால்தான் கடக்காலைச் சந்தேகிக்கணும்.

அலட்சியமும் கூடாது. நம்ம வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கஸ்தூரி நகரில், 2021 அக்டோபரில் ஓர் அடுக்குமாடி சாய்ந்து விழுந்தது. பழங்கால வீடு ஒன்றுமில்லை. விரிசலைப் பார்த்து முன்னாடியே ஆட்களை வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின.

ஆகவே அண்ணனிடம் சொன்னேன்: இடிக்காதே, அள. விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து ஒட்டு, தேதி எழுது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். தரைக்கு ரசமட்டம், சுவருக்குத் தூக்குக்குண்டு. மழைக்காலம் முடியட்டும்.

போன ஞாயிறு பதில் வந்தது. கூடத்தில் மூணு மாசமாக இம்மியும் மாற்றமில்லை. அம்மா போனைப் பிடுங்கிச் சொன்னாள்: "அது உங்கப்பா வெச்ச வாட்டம்டா. கழுவிவிட்டா தண்ணி வாசலுக்குப் போகணும்னு நின்னு பாத்து வெச்சாரு. என்னைக் கேட்டா நான் சொல்லியிருப்பேன்ல?"

சமையக்கட்டு மூலையில் மட்டும் கண்ணாடி உடைந்திருந்தது. இஞ்சினியரைக் கூட்டிவந்து தோண்டினால், சாக்கடைக் குழாய் உடைந்து கடக்காலடியில் மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது குழாயை மாற்றுகிறார்கள், மூலைக்கு அடியில் கட்டு கட்டுகிறார்கள். புதுக் கண்ணாடி ஒட்டியாயிற்று.

கூடத்துத் தரையை யாரும் தொடக்கூடாது என்பது அம்மா உத்தரவு.