மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் உள்ளது விசுவமடு. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் வாகன உதிரிப்பாகங்களும் வடபகுதிக்குள் செல்வது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. ஆதலால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடலாயின. சில துளி பெற்றோலைக் காபறேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை.

இஃது உலகம் அறியாத புதுமையன்று. 1949இல் இங்கிலாந்தில் பேர்குசன் நிறுவனம் வெளியிட்ட ஓர் உழவு இயந்திரமும் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடியதே. ஆயின் அந்த எஞ்சின் அவ்வெண்ணெய்க்கெனவே குறைந்த அமுக்கத்துடன் அமைக்கப்பட்டது. பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட காருக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் உருளைக்குள் மண்ணெண்ணெய் காலத்துக்கு முந்தி வெடித்து, சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலிக்கும். அதைத் தவிர்க்கத் தீப்பொறி எழும் நேரத்தைப் பிந்தவைத்தால் தட்டல் அடங்கும், எஞ்சினோ கொதிக்கும். எரியாத எண்ணெய் கீழே வடிந்து மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்வதால் உராய்வும் மிகும். நோயாளியை ஏற்றிய கார் நடுக்காட்டில் ஆவி கக்கி நின்றால், உதவிக்கு வேறொரு வாகனம் வருமென்பது நிச்சயமில்லை.

ஆகவே, கொதிப்பின் காரணத்தைக் கையாலும் கண்ணாலும் அறிவதே மெக்கானிக்கின் கல்வி. எஞ்சின் ஆறுமுன் றேடியேற்றரின் மூடியைத் திறத்தலாகாது; திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். ஆறும்போது றேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தால், ஓரிடம் சுட்டு ஓரிடம் குளிர்ந்திருப்பின், உள்ளே குழாய்கள் அடைபட்டுள்ளன என அறியலாம். கிணற்றுநீரிலுள்ள சுண்ணாம்பே பெரும்பாலும் அதற்குக் காரணம், மழைநீர் மேலானது. விசிறிப் பட்டி தளர்ந்திருந்தால் நீரிறைக்கும் பம்பும் தளரும். எஞ்சின் ஓடுகையில் நீரில் ஓயாது குமிழி எழுந்தால், எஞ்சின் தலையின் அடைப்புத் தகடு எரிந்துவிட்டதென்றே கொள்ள வேண்டும். மசகெண்ணெய் பால்போல் வெளுத்தால் ஐயமே இல்லை.

கொதிப்பைத் தணிக்கத் தேர்மோஸ்டற்றைக் கழற்றிவிடுதல் எங்கும் காணும் எளிய வழி. மண்ணெண்ணெய்க் காருக்கு அதுவே புதுக்கேடு. எஞ்சின் குளிர்ந்தால் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகாது. வடிந்து மசகையே கெடுக்கும். மிகச் சுட்டாலும் கெடுதி, குளிர்ந்தாலும் கெடுதி! இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய எல்லைக்குள் எஞ்சினை வைத்திருக்க, உதிரிப்பாகக் கடைகள் வெறுமையாய்க் கிடந்த ஊரில் கைத்திறன் ஒன்றே துணை.

2002ஆம் ஆண்டு சனவரியில் பெரும்பாலான தடைகள் நீங்கின. ஏப்பிரலில் கண்டி வீதியும் திறந்தது. பெற்றோல் வந்தது. எனினும், மண்ணெண்ணெயில் ஆண்டுக்கணக்காய் ஓடிய எஞ்சினுக்குப் பெற்றோலை ஊற்றினால் மட்டும் போதாது. படிந்த கரியைச் சுரண்டி, மசகெண்ணெயை மாற்றி, பிந்தவைத்த தீப்பொறியைப் பழைய இடத்துக்கு முந்தவைக்கவும் வேண்டும்.